வரைபடத்தோடு நின்றுவிடாத பொறியியலாளர்

நிலாவெளி வீதியில் எங்கள் பாடசாலைக்குப் பழைய மாணவர் சங்கம் மூன்று மாடிக் கட்டடம் கட்டித் தந்தது. கட்டமைப்பு வடிவமைப்பைத் திருகோணமலை நகரில் உள்ள ஒரு பொறியியலாளரிடம் கொடுத்தோம். கேட்பவர்களுக்குப் பெயரைத் தனியாகச் சொல்கிறேன்.

மண்டபம் கீழே, வகுப்பறைகள் மேலே என்பதுதான் எங்கள் ஆசை. முதல் நாளே மறுத்துவிட்டார். "நாற்பது அடி மண்டபத்துக்கு நடுவிலே தூண் வைக்கேலாது ஐயா. அப்ப மேல் இரண்டு மாடித் தூணும் எதிலே நிற்கும்?" ஆளுயரத்துக்குப் பீம் போட வேண்டி வருமாம். மண்டபத்தை மேலே கொண்டு போனால் அதன் தலையில் இரும்புக் கூரை மட்டும்தான். சங்கக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். அவர் பொறுமையாகக் கணக்கைக் காட்டினார். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 150 கிலோ சுமை எடுத்தால், வகுப்பறைக்கு 300, மண்டபத்துக்கு 500. மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் விறாந்தைக்குத்தான் வருவார்கள், ஆகவே விறாந்தைக்கு வகுப்பறையை விடக் கூட. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மாடிப்படி இரண்டு பக்கமும் அகலமாக வந்தது.

இரும்புக் கூரை பாரமில்லாதது, காற்றுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். 1978 சூறாவளி கிழக்கை அடித்ததையும், 2020 டிசம்பரில் புரெவி நம் மாவட்டத்தில் கரை ஏறியதையும் சொல்லி, கூரைச் சட்டங்களைத் தூணுக்குள் இறங்கும் போல்ட்டுகளால் பிடிக்க வைத்தார்.

என் மனதில் நிற்பது சிலாப் போடுவதற்கு முந்தின பின்னேரம். கம்பி கட்டி முடிந்திருந்தது. அவர் முழங்காலில் நின்று கம்பிக்கு அடியில் அளவு நாடாவை நுழைத்தார். இடைவெளி 20 மில்லிமீற்றர். வரைபடத்தில் 40. மேசன்மார் கருங்கல் துண்டுகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, சீமெந்துக் கட்டைகள் வார்த்து, காய்ந்த பிறகு வைக்கச் சொன்னார். நாலு நாள் போனது. எனக்குக் கோபம்தான். ஆனால் நான் படித்த வகுப்பறையின் கூரைத்தளத்தில் கம்பி துருப்பிடித்து ஊதி, கொங்கிறீட் பெயர்ந்து ஒருநாள் மேசை மேல் விழுந்தது. உப்புக் காற்று கம்பியைத் தொட எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைத்தான் அந்த 40 மில்லிமீற்றர் முடிவு செய்கிறது.

குறையும் உண்டு. வரைபடம் மூன்று கிழமை பிந்தியது. குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில், எங்கள் மேசனுக்கு விளங்கவில்லை. கேட்ட பிறகுதான் தமிழில் எழுதித் தந்தார். கட்டணமும் மற்றவர்கள் சொன்னதை விடக் கூட. சரி, அடுத்த கட்டடத்துக்கும் அவரிடம்தான் போவோம், தமிழ்க் குறிப்பை மட்டும் முதலே கேட்டு வாங்குவோம்.