கேத வீட்டு இட்லிக்கு முன்னால் எந்த டயட் நிற்கும்? பேலியோ, கலோரி ஆப், 16:8, அப்புறம் அரை ஸ்பூன் சீனி

டயட்டுகளை ஒப்பிடுகிறவர்கள் பொதுவாக மூன்று மாதத்தில் எத்தனை கிலோ இறங்கியது என்றுதான் கேட்பார்கள். நானும் ஆறு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பேலியோ, கலோரி எண்ணும் ஆப், 16:8 விரதம் மூன்றையும் வெவ்வேறு காலத்தில் ஒழுங்காகச் செய்தவன், மூன்றிலும் எடை இறங்கியவன், மூன்றிலிருந்தும் ஏதாவது ஒரு துக்கத்திலோ சண்டையிலோ கழன்று விழுந்தவன். அதனால் இங்கே கிலோ கணக்கு கிடையாது. மனசு உடைந்த அன்றைக்கு இந்த முறை என்ன ஆகிறது, மறுநாள் திரும்பி வர எவ்வளவு பாடு, இந்த இரண்டு கேள்விதான்.

கிலோதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொழுப்பையும் மறு பாதியை மாவுச்சத்தையும் குறைக்கச் சொல்லி ஒரு வருஷம் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. முதல் குழுவில் சராசரியாக 5.3 கிலோ இறங்கியது, இரண்டாவதில் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு குழுவிலுமே ஏகமாக இளைத்தவரும் உண்டு, எடை ஏறியவரும் உண்டு. ஆக, எந்த டயட் என்பதைவிட அதில் யார் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

சரி, பேலியோ. காலையில் நூறு பாதாம், மதியம் முட்டையோ கறியோ, ராத்திரி பனீர்; அரிசி, கோதுமை, பருப்பு, சீனி எதுவும் கிடையாது. ஐந்து மாதம் பிரமாதமாகப் போனது, பசியே தெரியவில்லை, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆறாவது மாதம் அப்பா தவறினார். கேத வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சொந்தக்காரர் வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் இட்லியும் சாம்பாரும் தூக்குவாளியில் வரும், துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காக டீ ஓடிக்கொண்டே இருக்கும். "சாப்பிடுய்யா, ராத்திரி பூரா முழிச்சிருக்க" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே இலையை முன்னால் வைக்கும்போது, "இல்லத்தை, எனக்கு நூறு பாதாம்" என்று எவனாவது சொல்வானா?

நாலு இட்லி சாப்பிட்டேன். அந்த நாலு இட்லியால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டது அதற்கப்புறம்தான். 'அதான் போச்சே' என்று அன்றைக்கே எட்டு டீ, பதினாறாம் நாள் விசேஷத்தில் வடையும் பாயசமும், அதற்கடுத்த மூன்று மாதம் பரோட்டா. நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம்மூரில் சொல்வதை, 1975-லேயே ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, ருசி சொல்லுங்கள் என்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் வயிறு நிறைந்ததால் கம்மியாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். தடை எவ்வளவு முழுசாக இருக்கிறதோ, உடையும்போது அவ்வளவு முழுசாக உடைகிறது. பேலியோவில் பாதி தப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. உள்ளே இருக்கிறாய், இல்லையென்றால் வெளியே.

கலோரி ஆப் வேறு ரகம். அது எதையும் தடுக்கவில்லை, எழுது என்றது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி என்பது எனக்கு அதில்தான் தெரிந்தது. தோசைக்கு நான் ஊற்றிய எண்ணெயையும் மிக்சர் பாக்கெட்டையும் பார்த்து நிஜமாகவே பயந்தேன். ஆனால் வேலை போன அன்றைக்கு, ஹெச்ஆர் அறையிலிருந்து வெளியே வந்து லிஃப்டில் நிற்கிறேன், போன் டிங் என்கிறது: இன்று தண்ணீர் குடித்தீர்களா? அன்றோடு அதைத் திறக்கவில்லை. பத்து நாள் கழித்துத் திறந்தால் காலி காலியாகப் பத்துக் கட்டம், தொண்ணூற்றுச் சொச்ச நாள் சேர்த்திருந்த தொடர் பூஜ்யத்தில் நின்றது. ஏற்கெனவே தோற்றுப்போனவனுக்கு இன்னொரு மார்க்‌ஷீட். அழித்துவிட்டேன்.

16:8 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சொல்ல அதிகமில்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி எட்டு வரை எட்டு மணி நேரம் சாப்பாடு, மற்ற பதினாறு மணி நேரம் தண்ணீரும் கடுங்காப்பியும். நேற்றுத் தவறினாலும் இன்று பன்னிரண்டு மணிக்குக் கடிகாரம் புதிதாக ஆரம்பிக்கும், திரும்பி வருவது இந்த மூன்றில் இதில்தான் சுலபம். ஆனால் துக்கம் எட்டு மணிக்குக் கடையை அடைப்பதில்லையே. எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாமே ஒன்பதரைக்கு மேல்தான், அப்புறம் ஃபிரிட்ஜ் கதவு. (சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பேலியோவையும் இதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், சுகர் ஒரேயடியாக இறங்கிவிடலாம்.)

நாலாவதுக்குப் பெயரே கிடையாது. டீயில் அரை ஸ்பூன் சீனி குறைத்தேன், அவ்வளவுதான். நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் டீயிலேயே 32 கிராம். சேர்க்கும் சீனியைக் கூடுமானால் நாளைக்கு 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரை ஸ்பூன் என்று இறங்கி, எட்டு மாதத்தில் டீக்கடையில் "ஒரு வித்தவுட்" என்று சொல்லும் ஆளானேன். கூடவே இன்னொன்று, சோற்றுக்கு முன்னால் பொரியலைச் சாப்பிடுவது. எதற்கும் தடை இல்லை. பலன்? முதல் இரண்டு மாதம் எடை மெஷினில் ஒரு மண்ணும் இல்லை, யாரும் "இளைச்சுட்டியே" என்று கேட்கவில்லை. பேலியோவில் இருந்தபோது தெருவே கேட்டது.

பிறகு அம்மாவுக்கு ஆபரேஷன். பத்து நாள் ஆஸ்பத்திரி கேன்டீன்தான் வீடு. பஜ்ஜி, பரோட்டா, எல்லாம் உள்ளே போனது, பொரியலைக் கண்ணிலேயே பார்க்கவில்லை. ஆனால் டீ மட்டும் வித்தவுட்டாகவே இருந்தது. அதற்கு நான் மனஉறுதி எதுவும் காட்டவில்லை, சீனி போட்ட டீ பாயசம் மாதிரி இருந்தது, குடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே பொரியலும் தட்டுக்குத் திரும்பிவிட்டது, ஏனென்றால் அறுந்துபோன தொடர் என்று ஒன்று இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் பார்த்தார்கள். இருபத்தோரு நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று சவால் நடத்துகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

என்னைக் கேட்டால், ஆப்பை மூன்று வாரம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்ததும் தூக்கிப்போடலாம். வீட்டில் எல்லோரும் கூடவே இருந்து செய்வதாக இருந்தால் பேலியோ ஓடலாம், தனி ஆளாக வேண்டாம். நாள்பட ஓட்டுவதற்கு அரை ஸ்பூன் வழிதான், மெதுவானது, சலிப்பானது, சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. ராத்திரி பத்து மணி முறுக்குக்கு இந்த நாலிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இப்போதைக்கு டப்பாவைப் பரணில் வைத்திருக்கிறேன், ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். இந்த மாதம் இரண்டு தடவை ஏறியிருக்கிறேன்.