காட்டு வருமானத்தைக் கணக்கெடுக்கும் வினாப்பட்டியல்: 'பென்' கருவி பற்றிய மதிப்புரை

காட்டை அண்டி வாழும் குடும்பங்களின் வருமானத்தை ஆராய விரும்புவோருக்கு, இந்தோனேசியாவின் போகோர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வனவியல் ஆய்வு மையம் 2004-இல் தொடங்கிய வறுமை-சுற்றுச்சூழல் வலையமைப்பின் ('பென்') வினாப்பட்டியல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இதைவிடக் கவனமாக வகுக்கப்பட்ட கருவி இத்துறையில் அரிது என்பது என் கருத்து.

ஓராண்டில் எவ்வளவு விறகு சேர்த்தீர்கள் என்று ஒரே தடவை கேட்டால், யாராலும் நம்பத்தக்க விடை தர இயலாது. ஆகவே, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே குடும்பத்தைச் சந்தித்து, காட்டுப் பொருள்களைப் பொறுத்தவரை கடந்த ஒரு மாதத்தில் கொண்டுவந்ததை மட்டும் கேட்கும்படி இது அமைக்கப்பட்டுள்ளது. விற்றதும் வீட்டுக்கு வைத்துக்கொண்டதும் தனித்தனியே பதிவாவதால், காசாக மாறாத விறகும் கீரையும் காளானும்கூட வருமானக் கணக்கில் ஏறிவிடுகின்றன. 24 நாடுகளில் ஏறத்தாழ 8,000 குடும்பங்களிடம் இவ்வாறு திரட்டிய தரவுகளைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வு, குடும்ப வருமானத்தில் சராசரியாக 28 விழுக்காடு இயற்கைச் சூழலிலிருந்து வருகிறது என்றும், அதில் 77 விழுக்காடு இயற்கைக் காடுகள் தருவது என்றும் கண்டறிந்தது. காட்டுப் பொருள் சேகரிப்பு பெண்களின் வேலை என்ற எண்ணமும் இதனால் ஆட்டம் கண்டது. ஆண்கள் கொண்டுவருவதன் மதிப்பும் அதற்குக் குறைந்ததன்று.

சிக்கல் விலையில் தொடங்குகிறது. சந்தைக்கே வராத பொருளுக்குக் குடும்பத்தார் சொல்லும் மதிப்பையே பெரும்பாலும் ஏற்க வேண்டியிருக்கிறது. ஒரு 'சுமை' என்பதன் எடையோ ஊருக்கு ஊர் மாறும். அனுமதியின்றி வெட்டிய மரத்தைப் பற்றி உண்மை வருமா என்பது கேட்பவர் மீதுள்ள நம்பிக்கையைப் பொறுத்ததே தவிர, கேள்வியின் நேர்த்தியைப் பொறுத்ததன்று. குடும்பத்தையே அலகாகக் கொள்வதால், வந்த பணத்தை வீட்டுக்குள் யார் செலவிடுகிறார் என்பது மறைந்துபோகிறது. ஆய்விடங்கள் நாடு தழுவிய மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்படாததால், ஓரிடத்துத் தரவை அந்நாடு முழுமைக்கும் பொருத்துவதும் தவறு.

நான்கு சுற்றுகளுக்கும் ஆள்பலமும் பணமும் மிகுதியாகத் தேவைப்படும். நிதி குறைந்த குழுவினர் சுற்றுகளைக் குறைப்பதைவிடக் குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே மேல்; ஒரு பருவத்தைத் தவறவிட்டால், அப்பருவத்தில் மட்டும் கிடைக்கும் பொருள்கள் அடியோடு விடுபட்டுவிடும்.