பிரௌசர் கேமுக்கு ஃபேசரா, கோடோவா? ஒரே கேமை இரண்டு தடவை செய்தவன் சொல்வது

முட்டம் பாறைகளுக்கு நடுவே வள்ளம் ஓட்டி, சாளையும் அயிலையும் அள்ளிக்கொண்டு கரை சேர வேண்டும், அவ்வளவுதான் கேம். இதை முதலில் கோடோ 4 என்ற கேம் என்ஜினில், அதாவது கேம் செய்யும் மென்பொருளில், செய்தேன். அப்புறம் அதை அப்படியே தூக்கி வைத்துவிட்டு, அதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ஃபேசர் 3-இல் மறுபடி செய்தேன். நான் ஃபேசர் பக்கம் சாய்ந்துதான் எழுதப் போகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். இரண்டும் இலவசம், இரண்டுக்கும் யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த விடுகிற எம்ஐடி உரிமம். ஃபேசரில் பிரௌசரின் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும், அது 2டி கேம்களுக்கானது. கோடோவில் 2டி, 3டி இரண்டும் உண்டு, எடிட்டரும் கூடவே வருகிறது, அதே புராஜெக்டை ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் எடுக்கலாம். சி ஷார்ப் மொழியில் எழுதுகிறவர்கள் மட்டும் கவனிக்க: நான் செய்த சமயத்தில் கோடோ 4-இல் சி ஷார்ப் புராஜெக்டை வெப்புக்கு எக்ஸ்போர்ட் செய்ய, அதாவது பிரௌசரில் ஓடும்படி எடுக்க முடியாது, கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில்தான் எழுத வேண்டும்.

இனி என் தலைவலிக்கு வருகிறேன். நாகர்கோவிலில் என் வீட்டு ஃபைபர் லைனில் கோடோ கேம் உடனே திறந்தது, சந்தோஷமாக லிங்கை அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவன் வீடு குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு உள்ளே. திண்ணைக்கு வந்தால் இரண்டு புள்ளி சிக்னல், உள்ளே போனால் அதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் நோட் வந்தது: "கறங்கிட்டே கெடக்கு மாமா." அப்புறம் இன்னொன்று: "இப்பவும் கெடக்கு." மூன்றாவது வரவில்லை. பையன் வேறு வேலை பார்க்கப் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் பிரௌசரின் டெவலப்பர் டூல்ஸில், எந்த ஃபைல் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து ஒழுங்காகப் பார்த்தேன். கோடோ வெப்புக்குப் போகும்போது என்ஜின் முழுவதும் ஒரே வாஸம் (வெப்அசெம்ப்ளி, பிரௌசர் ஓட்டக்கூடிய நிரல் வடிவம்) ஃபைலாகப் போகிறது. சுருக்காவிட்டால் 30 எம்பிக்கு மேல். கேமில் ஒரு வள்ளமும் நாலு பாறையும் இருந்தாலும் அதே எடைதான், ஏனென்றால் நான் தொடவே தொடாத 3டி சமாச்சாரமும் அதற்குள் இருக்கிறது. சர்வர் ஜிசிப் முறையில் சுருக்கி அனுப்பினால் நன்றாகவே குறையும், ஆனால் நான் போட்டிருந்த இடத்தில் வாஸம் ஃபைலுக்கு அது நடக்கவில்லை, அதைப் பார்க்காமல் லிங்கை அனுப்பியது என் தப்பு. சரி செய்த பிறகும் பல எம்பி மிச்சம் இருந்தது. இறங்கி முடித்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை, பிரௌசர் அதை கம்பைல் செய்ய, அதாவது மொபைலுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும், மலிவு மொபைலில் அது தனியாக ஒரு காத்திருப்பு. வேண்டாத பகுதிகளைக் கழித்து சொந்தமாக எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் (கேமோடு போகும் என்ஜின் பிரதி) கம்பைல் செய்துகொள்ள வழி உண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவு பொறுமை இல்லை. போனவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம்.

ஃபேசர் 3-ஐ மினிஃபை செய்த, அதாவது நிரலில் வேண்டாத இடைவெளிகளை நீக்கிய ஃபைல் சுமார் 1 எம்பி, ஜிசிப்பில் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் எடையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, எதை எப்போது இறக்குவது என்பது என் கையில் இருப்பது. மெனுவுக்கு வேண்டிய ஒரு சின்னப் படம் மட்டும் முதலில் வரும். பையன் வள்ளத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்போதே பாறையும் மீனும் அலைச்சத்தமும் பின்னால் வந்து சேர்ந்துவிடும். கோடோவிலும் படங்களைப் பிரித்துப் பிறகு ஏற்றலாம்தான், ஆனால் என்ஜின் வந்து சேராமல் மெனுவே கிடையாது. பிளே ஸ்டோரில் இறக்குகிறவன் வேண்டுமென்று இறக்குகிறான், காத்திருப்பான். லிங்கைத் தொட்டவன் காத்திருக்க மாட்டான், அடுத்த பக்கத்திலேயே வாட்ஸ்அப் இருக்கிறது.

கோடோ மேல் இன்னும் சிலர் சொல்கிற பழைய புகார் ஒன்று உண்டு, அது இப்போது நியாயமில்லை. கோடோ 4.0 முதல் 4.2 வரை வெப் எக்ஸ்போர்ட்டுக்கு த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் முறை) கட்டாயம், அதற்காக சர்வர் ஃபைலோடு இரண்டு தனி ஹெட்டர், அதாவது பிரௌசருக்கான குறிப்புகள், அனுப்ப வேண்டும், இலவச ஹோஸ்டிங்கில் பல இடங்களில் அதை மாற்றவே முடியாது. 2024 ஆகஸ்டில் வந்த 4.3-இல் த்ரெட் இல்லாமலே எக்ஸ்போர்ட் செய்யலாம் என்று ஆனபிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஃபேசரில் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். பாறை வைக்கும் இடத்தையெல்லாம் எண்ணாகத் தட்டி, ரீஃப்ரெஷ் செய்து, மறுபடி தட்டி என்று ஒரு வாரம் போனது, கோடோ எடிட்டரில் இழுத்து வைத்தால் முடிகிற வேலை. வள்ளத்தை ஃபிரேமுக்கு இத்தனை பிக்சல் என்று நகர்த்தியிருந்தேன், நொடிக்கு 120 ஃபிரேம் காட்டும் (120 ஹெர்ட்ஸ்) திரை உள்ள நண்பரின் மொபைலில் அது இரண்டு மடங்கு வேகத்தில் போய்ப் பாறையில் முட்டியது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடும் அப்டேட் ஃபங்ஷனுக்குள் வரும் டெல்டாவால் (முந்தைய ஃபிரேமிலிருந்து ஆன நேரம்) பெருக்கிய பிறகுதான் அடங்கியது.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று, படத்தின் ஃபைல் அளவை நம்பாதீர்கள். 4096-க்கு 4096 பிக்சல் படம் பிஎன்ஜியாகச் சில நூறு கேபிதான் இருக்கலாம், மெமரியில் விரிந்தால் 64 எம்பி. கடல் பின்னணியை 2048 ஆக்கினேன், 16 எம்பிக்கு வந்தது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஐபோனில் ஒரு சொந்தக்காரர் கையில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்ததோடு சரி, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நாளைக்கு நிறைய லெவல் உள்ள கேம், ஆப்பாக விற்பதுதான் நோக்கம், வெப்பில் சும்மா ஒரு மாதிரிதான் என்றால் கோடோவுக்கே திரும்பிப் போவேன்.

ஃபேசர் லிங்கையும் அதே குலசேகரத்துக்குத்தான் அனுப்பினேன். ராத்திரி வாய்ஸ் நோட் வந்தது: "மாமா, அந்த மூணாவது பாறையில எப்பவும் முட்டுது, கொஞ்சம் தள்ளி வைங்க." தள்ளி வைக்கவில்லை.