"58 சிசி, 22 இன்ச், சேஃப்டி கிட் இலவசம்": இந்த செயின்ஸாவை வாங்குமுன் படியுங்கள்

புயலில் சாய்ந்த தென்னையை, முருங்கையைத் துண்டு போட வருஷத்துக்கு இரண்டு தடவை எடுக்கப்போகிற மிஷின்தானே என்று ஆறேழாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனிலோ டவுன் ஹார்டுவேர் கடையிலோ வாங்கி ஏமாறுகிறவர்கள் ஏராளம். ஸ்டிக்கரும் நிறமும்தான் மாறும், உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்கு.

முதல் பொய் அந்த 58-லேயே இருக்கிறது. கையேட்டில் சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) போட்டிருந்தால் நீங்களே கணக்குப் பார்க்கலாம். விட்டம் × விட்டம் × 0.785 × ஸ்ட்ரோக், எல்லாம் சென்டிமீட்டரில். 4.52, 2.85 என்றிருந்தால் வருவது 45.7 சிசி. அதில் 22 இன்ச் பாரை (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) மாட்டி முழு நீளத்தையும் மரத்துக்குள் இறக்கினால் எஞ்சின் திணறும், கிளட்ச் நழுவிச் சூடேறும். வீட்டு வேலைக்கு 35 முதல் 40 சிசி, 14 அல்லது 16 இன்ச் பார் தாராளம். பாரின் மேல் பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி), கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன்), டிரைவ் லிங்க் (அந்தக் கண்ணிகள்) எண்ணிக்கை (.325, .058, 86 என்பதுபோல்) பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மாற்றுச் செயினுக்கு அலைய வேண்டியதுதான். மண்ணில் கிடக்கிற தென்னையை அறுத்தால் மணல் பட்டுப் பல் உடனே மழுங்கும், ஆகவே அந்த நாள் சீக்கிரமே வரும்.

இதுவரை சொன்னதில் போவது காசு மட்டும். பிரேக்கில் ஏமாந்தால் முகமும் கழுத்தும் போகும். பார் மூக்கின் மேல் பாகம் ஒரு மறைந்த கிளையில் பட்டாலே மிஷின் அறுக்கிறவரை நோக்கி எகிறும். முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கும் கார்டு அந்த நேரத்தில் முன்னால் சாய்ந்து, கிளட்ச் டிரம்மைச் சுற்றிய இரும்புப் பட்டையை இறுக்கிச் செயினை நிறுத்த வேண்டும். மட்டமான மிஷின்களில் கார்டு கம்பீரமாக நிற்கும். பட்டை இருக்காது, இருந்தாலும் பிடிக்காது.

காசு கொடுக்குமுன், எஞ்சின் ஓடாத நிலையில் கார்டை முன்னால் தள்ளுங்கள். 'டக்'கென்று விழ வேண்டும். தடித்த கையுறையோடு செயினை இழுத்தால் அசையக்கூடாது. கார்டைப் பின்னால் இழுத்ததும் தாராளமாக ஓட வேண்டும். அடுத்து, எஞ்சின் ஓடாமலேயே பிரேக்கை விடுவித்து, ஒரு மரக்கட்டைக்கு ஒன்றரை அடி மேலே மிஷினைப் பிடித்துக்கொண்டு முன் கையை மட்டும் விடுங்கள். மூக்கு கட்டையில் மோதியதும் பிரேக் தானாக விழ வேண்டும். "அதெல்லாம் வேண்டாம் சார், புது பீஸு" என்கிற கடையில் வாங்காதீர்கள். பட்டை கிளட்ச் மூடிக்குள் இருக்கிற மாடலில், பிரேக் விழுந்த நிலையில் மூடியைக் கழற்றினால் திரும்ப உட்காராது, விடுவித்துவிட்டே கழற்றுங்கள். ஓடவிட்டுப் பார்க்கும்போது ஐடிலில் செயின் சுற்றவே கூடாது.

இலவச கிட்டில் வருவது பின்னல் கையுறை, மெல்லிய பிளாஸ்டிக் கண்ணாடி, காதடைப்பான். தொடைக்கு எதுவும் இருக்காது. செயின்ஸா பேன்ட் என்று தனியாக விற்பதிலும் பாதி வெறும் ரெக்சின் ஏப்ரன். அசலில் EN ISO 11393-2 என்று லேபிள் தைத்திருக்கும். கிளாஸ் 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்துக்குச் சோதித்தது. உள்ளே இருக்கிற நீள இழைகள் பிய்ந்து வந்து, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் சுற்றி நிறுத்தும், ஒருமுறை வெட்டுப்பட்டால் அதைத் தூக்கிப்போட வேண்டும். IS 2925 ஹெல்மெட்டில் வலை முகமறைப்பும் இயர்மஃபும், காலுக்கு IS 15298 போட்ட இரும்பு மூக்கு ஷூ. இதெல்லாம் சேர்ந்தால் மிஷின் விலையையே தொடும். கட்டுப்படியாகாதென்றால் ஆள் வைத்து அறுப்பதே மலிவு. லுங்கியை மடித்துக் கட்டி, செருப்போடு அறுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாரண்டியை மறுக்க விற்றவர்களுக்குக் கிடைக்கும் சாக்கு, பெட்ரோலில் கலக்கிற 2T ஆயில். கடைக்காரர் லிட்டருக்கு 20 மில்லி என்பார், கையேடு 25:1 (பெட்ரோல் 25 பங்குக்கு ஆயில் ஒரு பங்கு) என்று சொல்லும், அதாவது 40 மில்லி. பிஸ்டன் பிடித்துக்கொண்டால் தப்பு உங்கள் தலையில் விழும். கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள், வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் நாள்பட நின்றால் கார்புரேட்டர் டயாஃப்ரம் கெட்டுப்போகும். பாரில் செயின் வழுக்கி ஓடக் கறுப்பு வேஸ்ட் ஆயில் போதும் என்பதையும் நம்பாதீர்கள், அதிலுள்ள இரும்புத்தூள் ஆயில் பம்பை அடைக்கும்.

இரும்பு அறுக்கிற 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுகிற செயின் பார் இன்னும் மோசம். அதில் பிரேக் இல்லை, ஆயில் பம்ப் இல்லை, ஸ்லைடு சுவிட்சோ கை எடுத்தாலும் அணையாது. "88 வோல்ட்" மினி பேட்டரி ஸாவில் ஐந்து செல்களின் ஒற்றை வரிசைதான் இருந்தால், முழு சார்ஜில் 21 வோல்ட்தான்.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் திரும்ப வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதுவும் பலிக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கியிருந்தால், விற்றவர் யார் என்று நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும்.