த்ரெட்டா, ஈவென்ட் லூப்பா: சின்ன வெப் சர்வருக்கு எது தோது?

ஒரே வேலையைச் செய்யும் வெப் சர்வரை சி மொழியில் இரண்டு தடவை எழுதினேன். ஒரு ஃபோல்டரில் இருக்கும் எச்டிஎம்எல் பக்கங்களையும் படங்களையும் கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். முதலில் ஈபோல் (எந்த இணைப்பு தயார் என்று சொல்லும் லினக்ஸ் வசதி) வைத்து ஈவென்ட் லூப்: எல்லா இணைப்புகளையும் ஒரே லூப் மாறி மாறிக் கவனிக்கும். சில மாதங்கள் கழித்து அதை ஓரங்கட்டிவிட்டு, இணைப்புக்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைச்சரடு) என்ற பழைய பாணி. இன்று ஓடிக்கொண்டிருப்பது இரண்டாவதுதான். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

சாக்கெட் (பிணைய இணைப்பின் முனை) திறந்து பைண்ட், லிசன், ஆக்செப்ட் என்று இணைப்பை ஏற்பது வரை போவது இரண்டிலும் ஒன்றே. ஃபோல்டரை விட்டு வெளியே போகாதபடி, பாதையில் ‘..’ வந்தால் மறுப்பதும் அப்படியே. வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. த்ரெட் என்றதும் பலர் நினைவகத்தை எண்ணி மிரள்கிறார்கள். லினக்ஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக் (ஃபங்க்ஷன் அழைப்புகளும் லோக்கல் வேரியபிள்களும் இருக்கும் இடம்) வழக்கமாக 8 எம்பி என்பது உண்மை. ஆனால் அது முகவரி இடம் மட்டுமே. உண்மையில் தொட்ட நினைவகப் பக்கங்களுக்குத்தான் ரேம் செலவாகும்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, பாதி வந்த கோரிக்கை.

வெப் தரவைக் கொண்டுவரும் டிசிபி நெறிமுறை தருவது பைட் ஓட்டம். ‘இது ஒரு கோரிக்கை’ என்று பொட்டலம் கட்டித் தராது. கோரிக்கையின் தொடக்கமான ‘கெட்’ என்ற சொல்லே இரண்டு துண்டாக வரலாம். த்ரெட்டில் இதைப் பற்றிக் கவலையே இல்லை: ஹெடரின் (கோரிக்கையின் தலைப்பு வரிகள்) முடிவைக் குறிக்கும் வெற்று வரி கிடைக்கும்வரை ஒரு லூப்பில் படித்தால் போதும். தரவு வராவிட்டால் அந்த த்ரெட் தூங்கும், மற்றவை தம் வேலையைப் பார்க்கும். எதுவரை படித்தோம் என்பது சாதாரண லோக்கல் வேரியபிளில் இருக்கும்.

ஈவென்ட் லூப்பில் யாரும் காத்திருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஸ்ட்ரக்ட் வைத்து, எதுவரை படித்தோம், எதுவரை எழுதினோம், இப்போது எந்த நிலை என்று எல்லாவற்றையும் நாமே குறித்துவைக்க வேண்டும். 2 எம்பி படத்தை அனுப்பினால் கெர்னல் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ‘பிறகு வா’ என்று ஈஅகெய்ன் தரும். மீதியை அனுப்ப, எழுத இடம் வந்தால் சொல்லச் சொல்லிப் பதிய வேண்டும். அனுப்பி முடித்ததும் அந்தப் பதிவை நீக்க வேண்டும். நான் நீக்க மறந்தேன். லூப் சும்மா சுழன்று சிபியு 100 சதவீதத்தில் நின்றது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின, ஏனென்றால் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் எப்போது நிறுத்திப் பார்த்தாலும் நான் தேடிய இணைப்பின் கதை ஸ்டாக்கில் இருக்காது. த்ரெட்டில் பேக்ட்ரேஸ் (அழைப்புகளின் பட்டியல்) பார்த்தாலே எந்தக் கோப்பை, குறியீட்டின் எந்த வரியில் நின்று அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிறகு ரேஞ்ச் கோரிக்கைக்கு (கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்பது) ஆதரவு சேர்க்க நினைத்தேன். ஈவென்ட் லூப் குறியீட்டில் மூன்று நிலைகளில் கை வைக்க வேண்டியிருந்தது. நான் எழுதியதே எனக்குப் புரியவில்லை. த்ரெட் வடிவத்தில் ஒரே ஃபங்க்ஷனில் முடிந்தது.

இன்னொன்று: வட்டிலுள்ள சாதாரணக் கோப்பை ஈபோல் ஏற்காது, ஈபெர்ம் என்ற பிழையோடு திருப்பிவிடும். ஆகவே கோப்பை நேரடியாகவே படிக்க வேண்டும். வட்டு மெதுவாக இருந்தால் மொத்த லூப்பும் நிற்கும்.

மறுபக்கத்தின் நியாயமும் பெரிது. டான் கெகல் 1999-இல் பத்தாயிரம் இணைப்புச் சிக்கலை எழுதியதும், 2004-இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ஈவென்ட் வழியில் அதற்கு விடை தந்ததும் காரணமில்லாமல் அல்ல. சாட், வெப்சாக்கெட் போல ஆயிரக்கணக்கான இணைப்புகள் சும்மா திறந்தே கிடக்கும் இடத்தில் ஈவென்ட் லூப்தான் சரி. என் சர்வர் ஒரே நேரத்தில் சில நூறு இணைப்புகளைத் தாண்டியதில்லை. அதற்கு மேல் என் அனுபவத்தை நம்பி இறங்க வேண்டாம். த்ரெட்டுகள் பகிரும் தரவு என்னிடம் லாக் கோப்பு ஒன்றுதான், ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போதுமாக இருக்கிறது. பகிர்வது கூடினால் கணக்கு மாறும். சி கட்டாயமில்லை என்றால் கோ மொழியைப் பாருங்கள்: எழுதுவது த்ரெட் போல, அடியில் லினக்ஸில் ஓடுவது ஈபோல்.

த்ரெட் வழியில் போகிறவர்கள் மெதுவான கிளையன்டை மட்டும் மறக்காதீர்கள். நான் 64 த்ரெட் என்று வரம்பு வைத்து (மீதி இணைப்புகள் வரிசையில் காத்திருக்கும்), சாக்கெட்டில் 10 நொடி டைம்அவுட் போட்டேன். அது போதவில்லை. அந்த டைம்அவுட் ஒவ்வொரு வாசிப்புக்கும் தனித்தனி. 9 நொடிக்கு ஒரு பைட் அனுப்புகிறவர் த்ரெட்டை விடாமல் பிடித்துவைத்திருப்பார். முழு ஹெடரும் வந்து சேர மொத்தமாக ஒரு கெடு வைத்து, ஒவ்வொரு வாசிப்புக்குப் பிறகும் கடிகாரத்தைச் சரிபார்த்த பிறகுதான் நிம்மதி கிடைத்தது.