பாலக்காட்டு ஹார்மோன் டாக்டர்: ஒரு திருநங்கையின் இரண்டு வருட அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு டவுனில் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் இரண்டு வருடமாகப் போய்வருகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆனால் அங்கே நான் தெரிந்துகொண்டதை நம்ம பிள்ளைகள் படிக்கணும்.

அதற்கு முன் நாலு வருடம், உடம்பு பெண்ணாக மாறணும் என்று கருத்தடை மாத்திரைதான். மூத்தவர்கள் சொன்னார்கள், மருந்துக் கடையில் சீட்டு கேட்கவில்லை, விழுங்கினேன். ஒரு நாள் மெஷின் மிதிக்கும்போது இடது கெண்டைக்கால் வீங்கி இறுகிப்போனது. பயந்துபோய் பஸ் ஏறினேன். டாக்டர் முதலில் கால் ஸ்கேன் எடுக்க வைத்தார். ரத்தக்கட்டு இல்லை. ஆனால் அந்த மாத்திரையில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனால் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், வழக்கமான ஈஸ்ட்ராடையால் டெஸ்டில் அதன் அளவும் தெரியாது என்று சொல்லி அன்றே நிறுத்தச் சொன்னார்.

பிறகு சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். மேலே மூளை, அதன் அடியில் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பி, கீழே விதைகள். பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. அவற்றால்தான் விதை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் விந்தணுவும் உண்டாக்குகிறது. வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உள்ளே போனதும் இரண்டும் குறையும், விதை வேலையைக் குறைத்துச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஏதோ நோய் என்று நினைத்து வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் பயந்திருந்தேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்து, "குழந்தை வேணும்னு நினைச்சதுண்டா மோளே?" என்று கேட்டார். அதுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி. டெஸ்ட் எடுத்தோம், விந்தணு ஒன்றுகூட இல்லை. ஹார்மோனையே அடியோடு நிறுத்தினால் சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, உறுதி சொல்ல முடியாது என்றார். எனக்கு நிறுத்த மனமில்லை. இப்போது நான் தத்தெடுத்த மகளுக்கு 21 வயது, அவளும் திருநங்கைதான். முதல் மாத்திரைக்கு முன்பே அவளை வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு அனுப்பி விந்தணுவை உறைய வைத்துவிட்டோம். மருந்து தொடங்கிய பின்னும் அந்த ஹார்மோன் மருந்தைக் கருத்தடை என்று நம்பக் கூடாது என்று அவளிடம் தனியாகவே சொல்லி அனுப்பினார் டாக்டர்.

எனக்கு ஈஸ்ட்ராடையால் மாத்திரையும், டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் கொடுத்தார். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன் 50-க்குக் கீழே (ng/dL), ஈஸ்ட்ராடையால் 100-லிருந்து 200-க்குள் (pg/mL) இருக்கணும் என்பது அவர் கணக்கு. ஆறாம் மாதம் எனக்கு 38, 140. அதே ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.7, இருக்க வேண்டியதைவிட அதிகம்! தினம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். தம்பி தோப்பில் வெட்டித் தரும் இளநீர், நாளுக்கு மூன்று. ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும், இளநீரில் பொட்டாசியம் நிறைய, இரண்டும் சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறும் என்றார். டோஸைப் பாதியாக்கினார், இளநீர் வேண்டாம் என்றார். இளநீர் தாராளமாகக் கிடைக்கும் நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் மனதில் வைக்கணும்.

குரல் மாறாது, தாடி முழுசாகப் போகாது, மார்பு வளர்ந்து முடிய இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டார். பொய் ஆசை காட்டவில்லை.

குறையும் உண்டு. மூன்று மணி நேரம் காத்திருக்கணும். முதல் தடவை ரிசப்ஷனில் எல்லார் முன்னாலும் பழைய பெயரைக் கூப்பிட்டார்கள், எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. டாக்டரிடம் சொன்னேன், அடுத்த முறை ஃபைலில் என் பெயர் இருந்தது.

ஃபீஸ் 400 ரூபாய். செவ்வாய், வெள்ளி மட்டும், டோக்கன் காலை 8 மணிக்கு. இதுவரை எதைச் சாப்பிட்டிருந்தாலும் அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், அவர் திட்ட மாட்டார்.