கறிக்கென்றால் பெண் மான்தான்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் வந்துவிட்டால், வேட்டைக்குப் போகிறவனிடம் எல்லோரும் கேட்பது கொம்பில் எத்தனை முனை என்றுதான். எனக்குக் கொம்பில் ஆசையில்லை, ஃப்ரீசர் நிறைந்தால் போதும். அதனால் வெள்ளைவால் மானில் என் ஓட்டு பெண்ணுக்கே. (இந்தியாவில் 1972 சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே உரிமம் எடுத்துச் சுடலாம்.)

எடையில் ஆண்தான் ஜெயிக்கும். வளர்ந்த பெண் மானில் எலும்பு நீக்கிய கறி ஏறக்குறைய 20 கிலோ தேறும், நல்ல ஆணில் 30 கிலோ வரை வரும். பெண் மானைச் சுட அனுமதி கிடைப்பதிலும் சிக்கலில்லை. தெற்கே விவசாயப் பகுதியில் பெரும்பாலான கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அதற்கான சீட்டு உரிமத்தோடே வருகிறது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால், ஆண்களை மட்டும் சுட்டால் மான் பெருக்கம் குறையாது. முதலில் கொம்பில்லாத மானைச் சுட்டால்தான் கொம்பு மானைச் சுடலாம் என்று இங்கே ஒரு விதியே இருந்தது. வேட்டைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, 2011-ல் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு முடிவைத் தந்தது இணைசேரும் பருவம். அது உச்சத்துக்குப் போவது நவம்பர் முன்பாதியில்; துப்பாக்கி சீசன் தொடங்குவது நன்றி நவிலல் நாளுக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை. அதற்குள் ஆண் மான் தீனியை மறந்து பெண்களைத் துரத்தி, உடல் எடையில் கால்வாசி வரைகூட இழந்திருக்கும். பின்னங்கால் மூட்டின் உள்பக்கம் ஒரு மயிர்க்கொத்து உண்டு, அடியில் சுரப்பி. அதன்மேல் சிறுநீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் கறுத்துப் பிசுபிசுவென்றிருக்கும். காயடிக்காத வெள்ளாட்டுக் கிடாயின் வீச்சம் தெரியுமல்லவா, அந்த ரகம். தோலுரிக்கும்போது அதைத் தொட்ட கத்தியோ கையோ கறியில் பட்டால் வாடையும் கூடவே வரும். பெண்ணுக்கும் அந்தச் சுரப்பி உண்டு, ஆனால் இந்த அளவுக்கு நாறாது. கறியும் மிருதுவாக இருக்கும். வெள்ளைச் சவ்வையும், ஆறினால் மெழுகாக நாக்கில் ஒட்டும் கொழுப்பையும் சீவிவிட்டால் தொடைக்கறி மிளகுச் சுக்காவுக்கு அருமை. எண்ணெய் மட்டும் தாராளமாக விட வேண்டும்.

2002-ல் இங்கேயும் பரவியிருப்பது தெரியவந்த, மானின் மூளையைச் சிதைத்துக் கொல்லும் நோயும் (CWD) வளர்ந்த ஆண்களிடமே அதிகம். ஆணோ பெண்ணோ, நோயுள்ள பகுதியில் பரிசோதனை முடிவு வராமல் சமைப்பதில்லை.

செப்டம்பரில், துரத்தல் தொடங்குமுன் வில்லால் அடித்த ஆண் மானின் கறி நன்றாக இருக்கும் என்கிறார்கள். நான் சாப்பிட்டதில்லை, இருக்கலாம். பெண் மானிலும் ஒரு தொல்லை உண்டு: அந்தி வெளிச்சத்தில் தனியாக வரும் 'பெண்', கொம்பு முளைக்காத ஆண் குட்டியாக இருந்துவிடும். குட்டிக்கு முகம் குட்டை, வளர்ந்த பெண்ணுக்கு நீளம்; அதைப் பார்த்துவிட்டு விசையைத் தொடுங்கள்.